கியோஜாவுக்கு மதியம் போகாதீர்கள்: ஒருநாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிஸ் காயலின் தென்கோடியில் இருக்கும் மீன்பிடி ஊர் கியோஜா. நான் பதோவாவில் குடியிருப்பதால், இத்தாலிக்கு வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம்தான் வழி கேட்பார்கள். சொல்வதைக் கேட்டுவிட்டு, ஒரு காலத்தில் நான் சொதப்பிய அதே இடங்களில் சரியாகப் போய்ச் சொதப்புவார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, நடக்க வசதியான செருப்பு இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைப் பார்ப்போம்.

மதியம் போய்ச் சேருவது

எல்லோரும் போடும் திட்டம் ஒன்றுதான். காலையில் வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கம், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குக் கியோஜா, சாயங்காலம் திரும்பி வருவது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். போன கோடையில் வந்த அண்ணன் குடும்பமும், படித்துப் படித்துச் சொல்லியும், இப்படித்தான் கிளம்பியது. கூடப் போனேன்.

கோர்சோ தெல் போப்போலோ என்ற பெரிய தெருவுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. கிரானாயோ மாளிகைக்குப் பின்னால் இருக்கும் மீன் சந்தையில் குழாய் வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது உடைந்த ஐஸும் செதிலும்தான். உட்கார்ந்து சாப்பிட இடம் தேடி அலைந்து, கிடைத்தபோது இரண்டே கால் தாண்டிவிட்டது. சமையலறையை மூடிவிட்டோம், இனி ஏழு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டு பிட்சா. தெருவில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. திரும்பும்போது அண்ணி கேட்டார்: "இதுக்கு வெனிஸே போதுமே, இங்க அப்படி என்ன இருக்கு?" இருந்ததெல்லாம் காலையிலேயே முடிஞ்சுபோச்சு அண்ணி என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

கியோஜா மீன் பிடித்துப் பிழைக்கும் ஊர். சுற்றுலாவுக்காகத் தன் நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. இங்குள்ள மொத்த விற்பனைச் சந்தையில் ஏலம் விடும் முறையே தனி. யாரும் விலையைக் கூவுவதில்லை. வாங்குபவர் ஏலம் விடுபவரின் காதருகே குனிந்து தன் விலையைக் கிசுகிசுப்பார். பக்கத்தில் நிற்கும் போட்டிக்காரருக்கு அது என்னவென்று தெரியாது. அது வியாபாரிகளுக்கான இடம். நமக்கானது கிரானாயோவுக்குப் பின்னால், வேனா கால்வாய் ஓரத்தில் இருக்கும் சில்லறைச் சந்தை. மேலே சிவப்புத் திரைகள் கட்டியிருப்பார்கள். வெயில் அதன் வழியே இறங்கி மத்தி, நாக்குமீன் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். கணவாய் குவிந்திருக்கும் இடத்தில் ஐஸ் கறுத்து மை வடியும். விற்பவர் மட்டிக் குவியலைக் கையால் ஒரு கலை கலைப்பார். உயிருள்ளவை ஓட்டை இறுக்கிக்கொள்ளும். வாய் பிளந்து கிடப்பதைப் பொறுக்கித் தூர எறிவார். இதைப் பார்க்கத்தான் கியோஜாவுக்கு வர வேண்டும். இது மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அதனால் வெனிஸில் பேருந்துகள் கிளம்பும் சதுக்கமான பியாட்சாலே ரோமாவில் காலை முதல் வேலையாக 80ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். சுமார் ஒரு மணி நேரம். ஒன்பது மணிக்குள் சந்தையில் இருங்கள், பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்காருங்கள். திங்கட்கிழமை மீன் சந்தை கிடையாது. வியாழக்கிழமை கோர்சோவை வாரச் சந்தை அடைத்துக்கொள்ளும். கூட்டம் பிடிக்காது என்றால் வேறு நாள் பாருங்கள். ஆகஸ்ட் வாக்கில் அத்ரியாடிக் கடலில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம் வரும், நம்மூரில் ஏப்ரல் நடுவில் தொடங்குவது மாதிரி. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அப்போது வந்தால் சந்தையில் மீன் பலகைகள் இளைத்துத்தான் இருக்கும்.

வெனிஸைத் தேடுவது

"குட்டி வெனிஸ்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வெனிஸின் சவாரிப் படகான கொண்டோலாக்களின் வரிசையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். கால்வாயில் கட்டியிருப்பவை பெரும்பாலும் வேலைப் படகுகள். ஊரின் அமைப்பே மீன் முள் மாதிரி: கோர்சோ நடுமுள், இருபக்கமும் சந்துகள் நேர்நேராகப் பிரியும். தொலைந்துபோகவே முடியாது; வெனிஸில் அந்தச் சுகம் உண்டு, இங்கே இல்லை.

கோர்சோவின் வடக்கு முனையில் வீகோ சதுக்கத்தில், தூண் மேல் ஒரு சின்னச் சிங்கம் உட்கார்ந்திருக்கும். வெனிஸ்காரர்கள் அதைப் பூனை என்று கிண்டலடிப்பார்கள். ஆனால் வெனிஸ் பிழைத்ததே இந்தத் தண்ணீரில்தான். 1379இல் வெனிஸின் பரம எதிரிகளான ஜெனோவா நகரத்தார் கியோஜாவைப் பிடித்தார்கள். வெனிஸ் படை கல் ஏற்றிய கலங்களை நீர்வழிகளில் மூழ்கடித்து, உள்ளே இருந்தவர்களை அடைத்துப் பட்டினி போட்டு, 1380 ஜூனில் பணிய வைத்தது. சிங்கத்தைப் போட்டோ எடுத்த கையோடு திரும்பிவிடாமல், வீகோ பாலத்தின் மேல் ஏறிக் காயலைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

சான்தாந்திரேயா தேவாலயக் கோபுரக் கடிகாரம் 1386க்கும் முந்தையது என்பார்கள். கோபுரம் எப்போதும் திறந்திருக்காது, முன்பே விசாரித்துவிடுங்கள்.

மீன் விலையைத் தட்டு விலை என்று நினைப்பது

முழு மீனுக்கு மெனுவில் போடும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 6 யூரோ என்று பார்த்துச் சந்தோஷமாகக் கை காட்டிய மீன் 800 கிராம் இருந்தால் பில் 48 யூரோ. அடுப்புக்குப் போகும் முன் மீனைக் காட்டி, எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த மீன். பயமாக இருந்தால் வெங்காயம், வினிகரில் ஊற வைத்த மத்தி கேளுங்கள். அது தட்டு விலைதான், இந்த ஊரின் ருசியும் அதில் இருக்கிறது.

ரயில்

வெனிஸிலிருந்து வரலாம். சுற்றிக்கொண்டு, வண்டி மாறி. வேண்டாம்.

கோடை ஞாயிற்றுக்கிழமை காரில்

பக்கத்தில் இருக்கும் சோத்தோமரீனா கடற்கரைக்குப் போகிற கார்கள் எல்லாம் ரோமேயா நெடுஞ்சாலையில் உங்களுக்கு முன்னால் நிற்கும்.

படகு பாஸை நம்பி ஏறுவது

வெனிஸில் வாங்கிய படகு பாஸ் 80ஆம் எண் பேருந்தில் செல்லாது. அது வேறு நிறுவனம், டிக்கெட் தனி.

வந்த வழியே திரும்புவது

காலையில் அவசரம், பேருந்து சரி. திரும்பும்போது என்ன அவசரம்? வீகோவிலிருந்து 11ஆம் எண் படகில் பெல்லெஸ்த்ரீனா தீவுக்குப் போங்கள். அங்கே பேருந்து, அந்தப் பேருந்தே ஆட்களோடு பெரிய படகில் ஏறி லீதோ தீவுக்குக் கடக்கும். லீதோவிலிருந்து வெனிஸுக்கு மறுபடி படகு. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, ஆனால் பெல்லெஸ்த்ரீனாவில் ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல், நடுவில் ஒரே ஒரு தெரு. கடலைத் தடுத்து நிற்கும் கல்சுவர் 1744இல் தொடங்கி 1782இல் முடிந்தது. 1966 நவம்பர் வெள்ளத்தில் கடல் அதையும் உடைத்தது. சுவர் மேல் நிழல் கிடையாது, வெயில் சாய்ந்த பிறகு நடங்கள்.

காலையில் வீகோ போனதும் படகு அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்கு மேல் இடைவெளி நீளும். தீவில் இறங்கிய நேரத்தில் பேருந்தை விட்டுவிட்டால், அடுத்தது வரும்வரை கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் காத்திருக்க வேண்டும். நிறுத்தம் அங்கேதான்.