சேர்ந்து போய்த் தனித்தனியே திரும்பும் ஆய்வுக் குழுக்கள்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் களமாகக் கொண்டு வேதியியல், சமூகவியல், புவியியல் மாணவர்கள் கூட்டாகச் செய்த ஆய்வுத் திட்டம் ஒன்றை அண்மையில் மதிப்பிட நேர்ந்தது. மாணவப் பருவத்தில் எங்கள் குழு அதே பகுதியில் செய்த பிழைகள் ஒன்றுகூடக் குறையாமல் அதில் இருந்தன. நீர் எடுக்கும் புட்டியைக் கழுவுவது, மக்களிடம் கேட்கும் வினாத்தாளை முன்கூட்டிச் சோதிப்பது ஆகியவற்றைப் பாடநூல்களே சொல்லிவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தரவுகளைக் கடைசியில் இணைத்துக்கொள்ளலாம் என்று நம்புவது

எங்கள் வேதியியல் நண்பர்கள் ஆய்வுக்கூடம் காலியாக இருந்த டிசம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த கையோடு, கிணற்று நீரைச் சேகரித்தார்கள். சமூகவியல் நண்பர்கள் விடுமுறை கிடைத்த மே மாதத்தில் வீடு வீடாகச் சென்று தண்ணீரின் தரத்தைப் பற்றிக் கேட்டார்கள். கிணறுகளுக்கு ஆயத்தொலைவுகள் இருந்தன; வீடுகளுக்குத் தெருப் பெயர் மட்டுமே இருந்தது. எந்த வீடு எந்தக் கிணற்றில் இறைக்கிறது என்று இரு தரப்பும் குறித்து வைக்கவில்லை.

நீரில் கரைந்துள்ள உப்பு முதலிய திடப்பொருள்களுக்கு இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரையிலும் அனுமதிக்கிறது. எங்கள் டிசம்பர் அளவீடுகள் பெரும்பாலும் அந்த மேல்வரம்புக்குள் அடங்கின. மக்களோ தண்ணீர் உப்பு என்றார்கள். ஆகவே, “நீரின் தரம் குறித்த மக்களின் புரிதல் அறிவியல் அளவீடுகளுடன் பொருந்தவில்லை” என்று அறிக்கையில் எழுதினோம். இன்றும் அந்த வரி நினைவுக்கு வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. “மழைக்கு அப்புறம் தேவலாம்பா, சித்திரையில வாயில வைக்க முடியாது” என்று ஓர் அம்மையார் சொன்னது எங்கள் குறிப்பேட்டிலேயே இருந்தது. மழைநீர் உப்பை நீர்க்கச் செய்திருந்த காலத்தில் அளந்துவிட்டு, கோடையில் குடித்தவர்களைத் தவறு என்று சொல்லியிருக்கிறோம். அதைச் சரிசெய்ய மறுபடியும் ஒரு கோடை களத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதற்குள் திட்டத்தின் பணம் தீர்ந்துவிட்டது.

ஆதலால் முதல் கூட்டத்திலேயே ஒரு வெற்று அட்டவணையை வரையுங்கள். ஒரு வரிசை என்பது ஒரு கிணறா, ஒரு வீடா, ஒரு தெருவா என்பதையும், எந்த மாதம் என்பதையும் முடிவு செய்யுங்கள். புட்டி, வினாத்தாள், வரைபடம் மூன்றிலும் ஒரே குறியீட்டு எண் இருக்கட்டும். எல்லாத் துறையினராலும் அந்த ஒரே வரிசையை நிரப்ப முடியாதென்றால், களத்துக்குப் புறப்படாதீர்கள்.

“மாதிரி”

வேதியியலாருக்கு இச்சொல் புட்டியில் உள்ள நீர். சமூகவியலாருக்குத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள். நீரியலாருக்குக் கணினியில் ஓடும் சமன்பாடுகள். “மாதிரி சரியில்லை” என்று ஒருவர் சொல்ல, மூவர் மூன்று விதமாக வருந்திய கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

நேரம் குறிக்காமை

பாசி படர்ந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலில் குறைந்தும் பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். மணியைக் குறிக்காத அளவீட்டை நான் ஏற்பதில்லை.

பருவமழையில் செயற்கைக்கோள் படம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்களைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் ஆசிரியர்களின் பெயர் வரிசை

களத்துக்குப் போகும் முன்பே பேசிவிடுங்கள்.