தனியாகக் குன்னூர்: மலை ரயிலில் ஏறி, இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புவது எப்படி

முதல் தடவை தனியாகக் கிளம்பியபோது ஊட்டி வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். நண்பகலில் இறங்கி, சாப்பிட்டு, ஏரிப் பக்கம் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடப்பதற்குள் திரும்பும் நேரம் வந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து குன்னூரிலேயே இறங்கிவிடுகிறேன். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, கூட யாரும் இல்லை என்றால் நீங்களும் அதையே செய்யுங்கள். எஞ்சின் பற்சக்கரத்தால் தண்டவாளத்தின் நடுப் பட்டையைக் கவ்வி ஏறும் பல்சக்கரப் பாதை முழுவதும் குன்னூருக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் இழுக்கும்.

டிக்கெட்

ஐஆர்சிடிசி-யில் மேட்டுப்பாளையம் டு குன்னூர் என்று தேடுங்கள். 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களுக்கு முதல் நாளே உட்கார்ந்து போடுவது நல்லது. தனியாகப் போவதில் ஒரு லாபம் உண்டு: நாலு பேர் குடும்பத்துக்குக் கிடைக்காத நாளில்கூட ஒற்றை சீட் மிஞ்சியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்துவது வழக்கம். அதனால் அந்த மாதங்களில் முந்தின நாள் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை

ரயில் காலை 7.10-க்கு. கோவையிலிருந்து வருகிறவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட வேண்டும். நான் அன்னூர்க்காரி, எனக்குக் கொஞ்சம் பக்கம். ஆனாலும் அம்மா நாலரைக்கே எழுந்து, "தனியாவா போற கண்ணு?" என்று கேட்டபடியே புளிசாதம் கட்டிக் கொடுத்துவிடுவார். ஒரு ஸ்வெட்டர், சில்லறை, தண்ணீர் ஆகியவை பையில் இருக்கட்டும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ரயிலிலும் பஸ்ஸிலும் போவதால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் தேவையில்லை. சொந்த வண்டியில் போகிறவர்களுக்குத்தான் அது.

ரயில் கிளம்பும் முன்பே வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். காட்டுக்குள் போனால் சிக்னல் வந்து வந்து போகும்.

ரயிலில் எதைப் பார்க்க வேண்டும்

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம், போனை உள்ளே வையுங்கள். கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பு, சமதரை. அதைத் தாண்டியதும் வண்டி வேகம் குறையும், அடியில் 'கடகட' என்ற சத்தம் மாறும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுவது அங்கிருந்து தொடங்கும். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம். அதனால் எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியபடியே இருக்கும். சில இடங்களில் பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஓர் அடி மேலே ஏறும் அளவுக்குச் சரிவு. எஞ்சின் முன்னால் இல்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிகளின் பாரம் முழுவதும் அதன் மேல் சாய்ந்திருப்பதால் நடுவில் ஒரு கொக்கி விட்டாலும் பெட்டி பள்ளத்தில் உருண்டு ஓடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் பிரேக்ஸ்மேன் ஒருவர் நிற்பார். விசில் சத்தத்தைக் கேட்டு அவர் கை சக்கரத்தைத் திருப்புவதைப் பாருங்கள். 1899-ல் குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கியபோது வந்த முறைதான் இன்னும் நடக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் எனக்கு வியப்பே இல்லை.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையை சீட்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

குன்னூரில் எதை முதலில்

பத்தரை மணிவாக்கில் இறங்குவீர்கள். 28 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல்! ஒரு டீ, சூடான வர்க்கி. அப்புறம் நேராக டால்பின் மூக்கு என்ற பாறை முனைக்குக் கிளம்பிவிடுங்கள். பலரும் பூங்காவை முதலில் முடித்துவிட்டு அங்கே போகிறார்கள். அது தப்பு. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் பாறை விளிம்பில் நின்றாலும் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. வெயில் இருக்கும்போது போனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேத்தரின் அருவி விழுவது நூல் போலத் தெரியும். வழியில் லேம்ப்ஸ் ராக். அங்கிருந்து கீழே நம்ம கோவைச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அந்தப் பக்கம் பஸ் குறைவு, ஆட்டோ எடுக்க வேண்டியிருக்கும். ஏறும் முன், "போய் வர, காத்திருக்க எல்லாம் சேத்தி எவ்வளவுங்க?" என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். அதே ரயிலில் வந்த இன்னொருவர் கிடைத்தால் வாடகையைப் பாதியாகப் பகிரலாம். நான் ஒரு முறை திருப்பூரிலிருந்து வந்த அக்கா ஒருவரோடு அப்படிப் போனேன். இன்றும் பேசிக்கொள்கிறோம்.

திரும்பி வந்து மதியச் சாப்பாடு. பிறகு சிம்ஸ் பூங்கா, மூடுபனி வந்தாலும் அழகு குறையாத இடம். 1874-ல் உருவானது, மலைச் சரிவிலேயே இறக்கமாகப் போகும். ருத்ராட்ச மரத்தைத் தேடிப் பாருங்கள். மே மாதம் பழக் கண்காட்சி நடக்கும், அழகுதான், ஆனால் கூட்டம்.

இறக்கம்

திரும்ப ரயில் வேண்டாம், பஸ் போதும். ஐந்து மணிக்குள் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிவிடுங்கள். வளைவில் தலை சுற்றும் என்றால் முன் சீட்டில் உட்காருங்கள். மங்குஸ்தான் காலமான ஆடி, ஆவணியில் போனால் இறங்கும் வழியில் பர்லியார் ஊரின் சாலையோரக் கடைகளில் பழம் குவித்திருப்பார்கள். பஸ் அங்கே நின்றால் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நான் கொண்டுபோவது அதைத்தான்.