அமெரிக்காவுக்குக் கன்டெய்னர் கிளம்பும் முன்: ஐஎஸ்எஃப் விவரம் தருவது எப்படி?

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் டாக்குமென்டேஷன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அமெரிக்க ஆர்டர் என்றால் "ஐஎஸ்எஃப் விவரம் அனுப்புங்க" என்று ஃபார்வர்டரிடமிருந்து (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) மெயில் வரும். ஐஎஸ்எஃப் என்றால் Importer Security Filing, அதாவது சரக்கைப் பற்றி இறக்குமதியாளர் அமெரிக்கச் சுங்கத்துறைக்கு முன்கூட்டியே தரும் பாதுகாப்பு விவரத் தாக்கல். அது எதற்கு என்று தெரிந்தால்தான் எங்கே கவனம் வேண்டும் என்பது புரியும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, கன்டெய்னரில் ஆயுதம் வந்துவிடுமோ என்ற பயம் அமெரிக்கச் சுங்கத்துறைக்கு வந்தது. அங்கே போய் இறங்கிய பிறகு திறந்து பார்த்து என்ன பயன்? அதனால், கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்குப் பட்டியல் தர வேண்டும் என்று 2002-இல் கப்பல் கம்பெனிகளுக்கு விதி போட்டார்கள். ஆனால் அதில் அனுப்புபவர் என்ற இடத்தில் பல நேரம் ஃபார்வர்டர் பெயர்தான் இருக்கும். தைத்தது யார், பெட்டியை அடுக்கியது யார் என்பது தெரியாது. அந்த ஓட்டையை அடைக்க 2009 ஜனவரியில் வந்தது ஐஎஸ்எஃப்.

முதலில் எட்டு விவரங்கள். விற்பவர், வாங்குபவர், இறக்குமதியாளர் எண், கன்சைனீ (சரக்கைப் பெறுபவர்) எண், தயாரிப்பாளர், சரக்கு போய்ச் சேரும் முகவரி, தயாரான நாடு, சரக்கின் வகையைச் சொல்லும் ஆறு இலக்க எச்எஸ் கோடு (பருத்தி டி-ஷர்ட் என்றால் 610910). இறக்குமதியாளர் எண்ணையும் கன்சைனீ எண்ணையும் பையர் (வாங்குபவர்) தருவார். தாக்கல் செய்வதும் அவருடைய சுங்க புரோக்கர்தான்.

நேரக்கணக்கு. தூத்துக்குடியில் ஃபீடர் என்ற சிறிய கப்பலில் ஏறி, கொழும்பில் மதர் வெசல் என்ற பெரிய கப்பலுக்கு மாறுகிறது என்றால், அமெரிக்கா போகும் அந்த மதர் வெசலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பு தாக்கல் ஆகியிருக்க வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள், இன்வாய்ஸ் தயாரானதுமே அனுப்பிவிடுங்கள். கொழும்பு, அமெரிக்காவின் கன்டெய்னர் பாதுகாப்புத் திட்டத்தில் உள்ள துறைமுகம். சந்தேகப்பட்ட பெட்டியை அங்கேயே சோதிக்கலாம்.

அடுத்த இரண்டு விவரங்கள்: ஸ்டஃபிங் இடமும் (கன்டெய்னரில் சரக்கை ஏற்றிய இடம்) அடுக்கியவரும். என்னைக் கேட்டால் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் வேண்டாத பொருள் நுழைய வாய்ப்பு அதிகம் இருப்பது, அது திறந்து கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான். ஃபேக்டரியிலேயே ஏற்றினால் அந்த யூனிட்டின் முகவரியைக் கொடுங்கள், ஹெட் ஆபீஸ் முகவரியை அல்ல. சிஎஃப்எஸ்ஸில் (பலருடைய சரக்கைச் சேர்த்து கன்டெய்னரில் ஏற்றும் கிடங்கு) ஏற்றினால் அந்த சிஎஃப்எஸ்ஸின் பெயரும் முகவரியும் வேண்டும். இந்த இரண்டுக்கு மட்டும், கப்பல் அமெரிக்கா சேர 24 மணி நேரம் முன்புவரை அவகாசம் உண்டு.

சரி, கப்பல் கம்பெனி என்ன தருகிறது? எந்தப் பெட்டி கப்பலில் எங்கே இருக்கிறது என்ற ஸ்டோ பிளான், பெட்டியின் நடமாட்டத் தகவல் என இரண்டு. சரக்குப் பட்டியலில் இல்லாத பெட்டி ஒன்று ஸ்டோ பிளானில் தெரிந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். ஐஎஸ்எஃப்புக்கு '10+2' என்ற பெயரும் இப்படி வந்ததுதான்: இறக்குமதியாளர் பக்கம் எட்டும் இரண்டுமாகப் பத்து, கப்பல் கம்பெனி பக்கம் இரண்டு.

பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்கான ஆவணம்) நம்பர். ஃபார்வர்டர் தரும் ஹவுஸ் பில் இருந்தால் அந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். கப்பல் கம்பெனி தரும் மாஸ்டர் பில் எண்ணைக் கொடுத்தால் தாக்கல் பொருந்தாமல் நிற்கும். தாமதத்துக்கும் தவறுக்கும் 5,000 டாலர் வரை இறக்குமதியாளருக்கு அபராதம் வரலாம்.

கடைசி நேரத்தில் சரக்கு வேறு சிஎஃப்எஸ்ஸுக்கு மாறிவிட்டதா? அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும்வரை புரோக்கர் திருத்தம் போடலாம்.