முடி நடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள், நான் செய்ததையும் சேர்த்து

எனக்கு முடி நட்டு ஏழு வருடம் ஆகிறது. நட்ட முடி அப்படியே இருக்கிறது, முன்நெற்றியில் கருகருவென்று. அதற்குப் பின்னால் இருந்த என் சொந்த முடிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. இப்போது மழையில் நனைந்தால் பார்க்க வேண்டும், முன்னால் வேலி, பின்னால் பொட்டல். 26 வயதில் போய் "பத்தாவது படிக்கும்போது இருந்த மாதிரி நெற்றி வேண்டும்" என்று கேட்டது நான். கேட்ட இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, 2,800 முடிக்கொத்தையும் அங்கேயே கொட்டித் தீர்த்தது அவர்கள். இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, ஆனால் தலை என்னுடையது.

அடிப்படைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளை விடுகின்றன. முடி நடுவதால் புது முடி உண்டாவதில்லை. பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் இருக்கும் முடிக்கு, ஆண் வழுக்கைக்குக் காரணமான டி.எச்.டி. ஹார்மோனைத் தாங்கும் குணம் உண்டு. அதை வேரோடு எடுத்து முன்னால் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற மருத்துவர் 1950-களில் இதைச் செய்து காட்டினார், இன்றுவரை இந்தத் தொழில் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்து வரும் ஒரு கொத்து. பெரும்பாலானவர்களிடம் வாழ்நாள் முழுக்க எடுக்க முடிவது சுமார் 4,000 முதல் 6,000 கொத்துதான், எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. முழு வழுக்கை விழுந்த தலையில் மூட வேண்டிய பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் வரை போகும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35, 40 கிராஃப்டாவது வைத்தால்தான் பார்க்க அடர்த்தியாக இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 7,000-க்கு மேல் வருகிறது. பத்தாது. "உச்சந்தலை வரை ஃபுல்லா மூடிடலாம் சார்" என்று முதல் நாளே ஒருவர் சொன்னால், அவர் இந்தப் பெருக்கலைப் போடாதவர், இல்லையென்றால் நீங்கள் போடமாட்டீர்கள் என்று நம்புகிறவர்.

முடி ஏன் கொட்டுகிறது என்று தெரியாமலே கிளினிக்குக்குப் போவது அடுத்த தவறு. டெங்கு, கோவிட் மாதிரிப் பெரிய காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பட்டினி கிடந்து எடை குறைத்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் அது தானாகத் திரும்பி வந்துவிடும், அதற்குப் போய் லட்சம் ரூபாய் கட்டி ஊசி குத்திக்கொள்வானேன். புழுவெட்டு என்று நாம் சொல்வது வேறு, உடம்பே முடி வேரைத் தாக்குவது அது. நோய் அடங்காமல் நட்டால் நட்டதையும் தாக்கலாம். வேரையே தழும்பாக்கிவிடும் சில அழற்சி நோய்களும் இருக்கின்றன. பெண்களுக்குத் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு இதையெல்லாம் பார்க்காமல் நடுவதைப் பற்றிப் பேசவே கூடாது. ஆகவே முதலில் போக வேண்டியது முடி நடுவதையே வியாபாரமாக வைத்திருக்கும் இடத்துக்கு இல்லை, சாதாரணத் தோல் மருத்துவரிடம். லென்ஸ் வைத்துத் தலையைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

வயதும் மாத்திரையும் ஒரே விஷயம்தான், பிரித்துச் சொல்ல முடியாது. 22, 23 வயதில் கொட்ட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவையும் தாய்மாமாவையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். இருக்கிற முடியைக் காப்பாற்ற நெடுநாளாகப் பயன்பாட்டில் இருப்பவை இரண்டு, தலையில் தடவும் மினாக்சிடிலும், மாத்திரையாக வரும் ஃபினாஸ்டரைடும். 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆண் வழுக்கைக்கு அனுமதித்தது 1997-ல். சிலருக்கு இதனால் தாம்பத்திய ஆர்வம் குறைவது போன்ற பக்கவிளைவுகள் வருவதுண்டு, அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது. நான் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டேன். "நட்டாச்சே, இனி எதுக்கு மாத்திரை" என்று நான்காவது மாதமே நிறுத்தினேன். நட்ட முடிக்கு மாத்திரை வேண்டாம் என்பது பெரும்பாலும் சரி. நடாத முடிக்கு?

சரி, முறைக்கு வருவோம், விளம்பரங்கள் அதிகம் குழப்புவது இங்கேதான். எடுக்கும் முறை அடிப்படையில் இரண்டே. எஃப்.யு.டி. என்றால் பின்மண்டையில் ஒரு பட்டையாகத் தோலை வெட்டியெடுத்து, தைத்துவிட்டு, அந்தப் பட்டையை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே கொத்துக் கொத்தாகப் பிரிப்பது. எஃப்.யு.இ. என்றால் ஒரு மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய துளைக்கருவியால் ஒவ்வொரு கொத்தாகத் தோண்டியெடுப்பது. டி.எச்.ஐ. என்று தனி முறை போலச் சொல்வார்கள், அதிலும் எடுப்பது எஃப்.யு.இ. மாதிரியேதான். வைப்பது மட்டும் பேனா போன்ற ஒரு கருவியால், தென்கொரியாவில் உருவான சோய் பேனா. சஃபையர் என்பது நடுவதற்குக் கீறல் போடும் பிளேடு எதனால் ஆனது என்பதைச் சொல்வது, நீலக்கல். பயோ என்று முறையின் பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் உங்கள் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பி.ஆர்.பி. ஊசியைச் சேர்த்துத் தருகிறார்கள் என்று பொருள். இதில் எதுவுமே மோசமில்லை, ஆனால் பேனாவும் பிளேடும் தானாக முடி நடாது. மோசமான கையில் சஃபையரும் ஒன்றுதான், சவர பிளேடும் ஒன்றுதான்.

எஃப்.யு.இ.யில் தழும்பே வராது என்பது சுத்தப் பொய். வரும், புள்ளி புள்ளியாக. முடியை ஓரளவு விட்டால் தெரியாது. போன வருடம் அக்கா மகளுக்குக் காதுகுத்து, குலதெய்வம் கோயிலில் எனக்கும் மொட்டை போட்டார்கள். "பின்னாடி என்னடா அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்று பெரியப்பா பந்தியில் சத்தமாகக் கேட்டார். எஃப்.யு.டி. செய்திருந்தால் காதிலிருந்து காது வரை ஒரு கோடு இருந்திருக்கும், அதற்கு என்ன கேட்டிருப்பாரோ. திருப்பதி, பழனி என்று அடிக்கடி மொட்டை போடும் வீடாக இருந்தால் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், எந்த முறை என்ற முடிவே இதனால் மாறலாம். (நட்ட முடி நன்றாக வேர் பிடித்து வளர்ந்த பிறகு மொட்டை போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, இதை நிறையப் பேர் கேட்கிறார்கள்.)

இப்போது ஆள். முறையைவிட நூறு மடங்கு முக்கியம் இதுதான், நாம் குறைவாக விசாரிப்பதும் இதைத்தான். நான் போன இடத்தில் முதலில் உட்கார வைத்துப் பேசியவர் கவுன்சலர், டை கட்டிய எம்.பி.ஏ. பையன். அவர்தான் எத்தனை கிராஃப்ட் என்று சொன்னார், அவர்தான் விலையும் சொன்னார், "இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா டிஸ்கவுன்ட்" என்றவரும் அவரே. டாக்டரை நான் பார்த்தது அறுவை சிகிச்சை அன்று காலையில், பத்து நிமிடம். மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பினார், மீதி ஏழு மணி நேரமும் டெக்னீஷியன்கள்தான். எனக்குக் குப்புறப் படுத்திருந்ததால் யார் வருகிறார், யார் போகிறார் என்று காலைப் பார்த்துத்தான் தெரியும்.

டெக்னீஷியன்கள் உதவுவது தவறில்லை, எங்குமே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கோடு வரைவது, எங்கிருந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது, கீறல் போடுவது, மயக்கமோ அலர்ஜியோ வந்தால் சமாளிப்பது, இதெல்லாம் டாக்டர் வேலை. 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். நினைவிருக்கலாம், அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலையத்துக்கான உரிமம்தான் என்று அப்போது செய்திகள் வந்தன. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்துக்கு உடல் எடைக்கேற்ற உச்ச அளவு உண்டு, தாண்டினால் வலிப்பு வரும், இதயமும் நிற்கலாம். தலையில் பெரிய பரப்புக்கு, நீண்ட நேரத்துக்கு, திரும்பத் திரும்ப ஊசி போடும் சிகிச்சை இது என்பதை மறந்துவிடாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி உள்ளவர்கள்தான், அதாவது பிளாஸ்டிக் சர்ஜன்கள், தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்தவர்கள் போன்றவர்கள்தான் இதைச் செய்யலாம் என்கிறது. பட்டறைக்குப் போய் வந்ததும் யூடியூப் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது பாருங்கள்.

பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படாதீர்கள், ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் படிப்பு தெரிந்துவிடும். கோடு யார் போடுவார், தோண்டுவது யார், ஒரே நாளில் அந்த டாக்டர் எத்தனை பேருக்குச் செய்கிறார், ஆக்சிஜனும் அவசர மருந்தும் அறையிலேயே இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே பதில். நான் இன்னொரு கேள்வியும் சேர்ப்பேன்: "இன்னும் பத்து வருடத்தில் பின்னால் இருப்பதும் கொட்டிவிட்டால் என்ன செய்வோம்?" இதற்கு ஒரு திட்டம் வைத்திருப்பவரிடம்தான் தலையைக் கொடுக்கலாம். நல்ல டாக்டர் நெற்றிக் கோட்டை நீங்கள் கேட்டதைவிட மேலேதான் போடுவார், உங்களுக்குப் பிடிக்காது.

பணம். கிராஃப்ட் கணக்கா, முடிக் கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். "6,000 முடி" என்பது சுமார் 3,000 கிராஃப்ட், பாதி விலைக்குக் கிடைத்தது போலத் தோன்றுவது பல சமயம் இந்த வார்த்தை விளையாட்டில்தான். ஹேர் டிரான்ஸ்பிளான்டுக்கு மருத்துவச் சேவைக்கான வரிவிலக்கு கிடையாது, 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, கடைசி நாளில் பில்லைப் பார்த்து மயங்காதீர்கள். 'அன்லிமிடெட் கிராஃப்ட்' பேக்கேஜ் என்று எங்கே பார்த்தாலும் ஓடிவிடுங்கள், அது பஃபே சாப்பாடு இல்லை. பின்மண்டையை அளவுக்கு மீறிச் சுரண்டினால் பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடும், அதைச் சரிசெய்ய எந்த வழியும் முழுதாகக் கிடையாது.

முன்-பின் படங்களைப் பற்றிச் சுருக்கமாக: முன் படம் நனைந்த தலை, உச்சியில் குழல்விளக்கு, பின் படம் சீவிய தலை, மங்கலான வெளிச்சம் என்றிருந்தால் அது முடியின் சாதனை இல்லை. ஈரத்தலையில், ஒரே வெளிச்சத்தில், சீப்பால் வகிடு எடுத்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். பின்மண்டையையும் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காத்திருப்பது, இதில் தவறு செய்யாதவர் யாருமில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் போய் நடுகிறவர்கள் இருக்கிறார்கள், மணமேடையில் நடுவதற்கு முன் இருந்ததைவிட மோசமான தலையோடு உட்காருவார்கள். நட்ட முடி இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது மாதத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், வேர் உள்ளே இருக்கும். சுற்றியிருக்கும் பழைய முடிகூட அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். மூன்று, நான்கு மாதத்தில் பூனைமுடி போல மெல்லிசாக எட்டிப் பார்க்கும், சிலருக்குக் கூடவே பருவும் வரும். ஆறாம் மாதத்தில் பாதி, பன்னிரண்டாம் மாதத்தில் ஏறக்குறைய முழுசு, உச்சந்தலை மட்டும் 15, 18 மாதம்கூட இழுக்கும். ஆகவே முகூர்த்தத்துக்கு ஒரு வருடம் முன்னால் செய்யுங்கள், முடியாதென்றால் கல்யாணம் முடிந்து செய்யுங்கள், பெண் வீட்டில் சொல்லிவிட்டு.

முதல் பத்து நாள்தான் கிராஃப்ட் பிடிக்கும் காலம். மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கும், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல், சீழ், தாங்க முடியாத வலி என்றால்தான் உடனே போன் செய்ய வேண்டும். பொருக்கை நகத்தால் நோண்டக் கூடாது, சொல்லிக்கொடுத்தபடி மெதுவாகக் கழுவினால் தானாக விழும். சிகரெட் வேண்டாம். ஹெல்மெட் எப்போது போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள், அதுவரை பைக்கை எடுக்காதீர்கள், ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது தீர்வாகாது. பாட்டி சொன்னார் என்று சின்ன வெங்காயச் சாறு தேய்ப்பதெல்லாம் புண் ஆறும் தலையில் வேண்டவே வேண்டாம். தினமும் கண்ணாடி முன்னால் நின்று எண்ணுவதையும் விடுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், ஒரு போட்டோ போதும். நான் மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு 14 முறை போன் செய்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் வேறொரு டாக்டரிடம் போனேன், அந்தப் பொட்டலை மூட முடியுமா என்று கேட்க. கவுன்சலர் இல்லை, அவரே லென்ஸ் வைத்துப் பின்மண்டையை இடம் இடமாக எண்ணினார். இன்னும் 1,500 கிராஃப்ட் தாராளமாக எடுக்கலாம், தாடியிலிருந்தும் கொஞ்சம் எடுக்கலாம் என்றார். எப்போது செய்யலாம் என்று பையைத் திறந்தேன். அட்வான்ஸ் வாங்கவில்லை. ஒரு வருடம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, கொட்டுவது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று சீட்டெழுதி அனுப்பிவிட்டார். எட்டு மாதம் முடிந்திருக்கிறது.