பழைய சீரியல் கருவியை இன்றைய லேப்டாப்பில் இணைப்பது எப்படி?

இப்போது வரும் லேப்டாப்களில் சீரியல் போர்ட் கிடையாது. ஆனால் எடை மெஷின், ரசீது பிரிண்டர், ஆய்வகக் கருவி, தொழிற்சாலை கன்ட்ரோலர், நெட்வொர்க் ஸ்விட்ச் என்று இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கருவிகளுக்கு அந்த ஒன்பது பின் சாக்கெட்டை விட்டால் வேறு வாசல் இல்லை. நடுவில் ஒரு யூஎஸ்பி அடாப்டரைச் செருகினால் போதும் என்பார்கள். பல நேரம் போதும்தான். போதாதபோது எல்லோரும் டிரைவரைக் குறை சொல்லி, அதையே அழித்து அழித்து மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்தவரை டிரைவரில் கோளாறு இருப்பது குறைவு. கேபிளிலும் செட்டிங்கிலும் இருப்பதுதான் அதிகம்.

அதனால் இந்த வரிசையில் போங்கள். முதலில் கருவியைத் தொடாமல் லேப்டாப் பக்கம் சரியா என்று பார்க்க வேண்டும். அப்புறம் லேப்டாப்பைத் தொடாமல் கருவிப் பக்கம். கடைசியில்தான் இரண்டையும் சேர்ப்பது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டிவிட்டுத் தேடினால் பிழை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

தேவையானவை: யூஎஸ்பி சீரியல் அடாப்டர், மல்டிமீட்டர், இரண்டு முனையும் துளை உள்ள ஜம்பர் ஒயர்கள் சில, நேர் கேபிள் (ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் அதே எண் பின்னுக்குப் போவது) ஒன்று, நல் மோடம் கேபிள் (அனுப்பும் ஒயரும் வாங்கும் ஒயரும் இடம் மாறியது) ஒன்று. கருவியின் கையேடு கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. அடாப்டர் தேர்வு

வெளியே இருக்கும் பிராண்ட் பெயர் முக்கியமில்லை; உள்ளே இருக்கும் சிப் எது என்பதுதான் விஷயம். எஃப்டிடிஐ எஃப்டி232ஆர், சிலிக்கான் லேப்ஸ் சிபி2102, ப்ரொலிஃபிக் பிஎல்2303, சிஎச்340 ஆகிய நான்கைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். என் ஓட்டு எஃப்டிடிஐ சிப்புக்கு. ஒவ்வொரு சிப்பிலும் தனித்தனி வரிசை எண் பதிந்திருப்பதால் எந்த யூஎஸ்பி துளையில் செருகினாலும் விண்டோஸ் அதே காம் எண்ணை (சீரியல் போர்ட்டுக்கு அது வைக்கும் பெயர், காம்1, காம்2 என்பது போல) கொடுக்கும். சிஎச்340 சிப்பில் பொதுவாக அந்த எண் இருக்காது. துளை மாறினால் காம் எண்ணும் மாறும். விலை குறைவு, வேலை செய்யும், ஆனால் இந்தத் தொல்லை உண்டு.

போலி சிப்கள் விஷயத்தில் கவனம் தேவை. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த ஓர் எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. அதுவரை ஓடிய அடாப்டர்கள் திடீரென்று அடையாளம் தெரியாமல் போயின. பிஎல்2303-இன் புதிய டிரைவர்களும் போலிகளையும் சில பழைய அசல் சிப்களையும் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 10 என்ற செய்தியும் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அதைவிட முக்கியம்: ஒன்பது பின் கனெக்டர் இல்லாமல், நாலைந்து ஊசிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன யூஎஸ்பி போர்டுகளைப் பழைய கருவியில் நேராக மாட்டாதீர்கள். அவை 3.3 அல்லது 5 வோல்ட் டிடிஎல் சிக்னலுக்கானவை, அதாவது சிப்களுக்கிடையே ஓடும் குறைந்த வோல்டேஜ் சிக்னலுக்கானவை. ஆர்எஸ்-232 (பழைய சீரியல் போர்ட்டின் மின் தரநிலை) கருவி அனுப்புவது மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை போகலாம். போர்டு எரிந்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் சிக்னல் தலைகீழாக இருக்கும்; அதனால் தரவு வராது. அந்த போர்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் நடுவில் மேக்ஸ்3232 போன்ற மாற்றி சிப் தேவை.

2. லேப்டாப் பக்கம்: லூப்பேக் சோதனை

அடாப்டரைச் செருகியதும் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பகுதியில் என்ன காம் எண் வந்திருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் பெரும்பாலும் டிடிஒய்யூஎஸ்பி0 என்று வரும். மேக்கில் சியு என்று தொடங்கும் பெயரை எடுங்கள். டிடிஒய் என்று தொடங்குவது எதிர்ப்பக்க சிக்னலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கலாம்.

இனி டெர்மினல் மென்பொருள்: தட்டுவதைப் போர்ட்டுக்கு அனுப்பி, வருவதைத் திரையில் காட்டுவது. விண்டோஸில் எனக்கு டெரா டெர்ம். பலர் புட்டி என்பார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் என்டர் விசைக்கு எந்த எழுத்து போக வேண்டும் என்பதை டெரா டெர்மில் மெனுவிலேயே மாற்றலாம். பழைய கருவிகளோடு பேச அது அடிக்கடி தேவைப்படும். லினக்ஸில் பைகோகாம். மினிகாம் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பது நான்காம் படியில் தெரியும்.

அடாப்டரின் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் ஜம்பர் ஒயரால் இணையுங்கள். 2 என்பது வரவு, 3 என்பது அனுப்புதல். இரண்டையும் சேர்த்தால் நீங்கள் அனுப்புவது உங்களுக்கே திரும்பி வரும். ஃப்ளோ கன்ட்ரோலை (எப்போது அனுப்பலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் முறை) 'நன்' என்று வைத்து, ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் தெரிய வேண்டும். ஒயரை எடுத்துவிட்டுத் தட்டினால் எதுவும் தெரியக் கூடாது. எடுத்த பிறகும் தெரிந்தால் லோக்கல் எக்கோ (தட்டியதை மென்பொருள் தானே திரையில் காட்டுவது) ஆன் ஆகியிருக்கிறது. அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இது தேறிவிட்டால் டிரைவர், அடாப்டர், மென்பொருள் மூன்றும் அநேகமாகச் சரி. இதற்கு மேல் டிரைவரை நோண்ட வேண்டாம்.

3. கருவிப் பக்கம்: மல்டிமீட்டர் சொல்வது

ஒன்பது பின் சாக்கெட் எல்லாமே ஆர்எஸ்-232 அல்ல. ஆர்எஸ்-485 என்ற வேறு மின் தரநிலையில் பேசும் கருவிகளும் இதே கனெக்டரை வைத்திருக்கும். சில யுபிஎஸ்கள் தங்களுக்கென்று தனி ஒயரிங் வைத்திருக்கும். சாதாரணக் கேபிளை மாட்டினால் யுபிஎஸ் அணைந்தே போகலாம். யுபிஎஸ் என்றால் அதற்கான கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

மற்றவற்றுக்கு இப்படிச் செய்யுங்கள். கருவியை ஆன் செய்து, கேபிள் எதையும் மாட்டாமல், மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை 5-ஆம் பின்னில், அது கிரவுண்ட். சிவப்பு முனையை முதலில் 2-இலும் பிறகு 3-இலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது ஆர்எஸ்-232 அனுப்பும் பின் மைனஸில் நிற்கும். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை ஏதோ ஒன்று காட்டும். வாங்கும் பின் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

மைனஸ் வோல்டேஜ் 2-ஆம் பின்னில் இருந்தால் நேர் கேபிள் போதும். 3-இல் இருந்தால் கருவியும் உங்கள் லேப்டாப் அடாப்டரைப் போலவே ஒயரிங் ஆனது (கணினி வகை ஒயரிங்). இருவரும் ஒரே ஒயரில் பேசிக்கொண்டிருப்பார்கள், கேட்பதற்கு ஆளில்லை. அப்போது 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போடும் நல் மோடம் கேபிள் தேவை. பார்ப்பதற்கு இரண்டு கேபிளும் ஒரே மாதிரி இருக்கும், எந்தக் குறியும் இருக்காது. மீட்டரைக் கன்டினியுட்டியில் (எந்தப் பின் எந்தப் பின்னோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் நிலை) வைத்துப் பார்த்து, டேப் ஒட்டி எழுதி வைத்துவிடுங்கள்.

கருவியில் இருப்பது 25 பின் சாக்கெட் என்றால் கணக்கு மாறும். அங்கே கிரவுண்ட் 7-ஆம் பின். கணினி வகை ஒயரிங்கில் அனுப்புவது 2, வாங்குவது 3; அதாவது ஒன்பது பின்னுக்கு நேர் எதிர். 9-25 மோடம் கேபிள் இந்த மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். நீங்களே சால்டர் செய்தால் மறக்காதீர்கள்.

இரண்டு பின்னும் பூஜ்ஜியமா? ஆர்எஸ்-232 அல்லாத கருவியாக இருக்கலாம். அல்லது மின்சாரத்தையே லேப்டாப்பின் 4, 7-ஆம் பின்களிலிருந்து வாங்கும் வகையாக இருக்கலாம். பழைய சீரியல் மவுஸ் அப்படித்தான் ஓடியது.

4. சேர்த்த பிறகு: ஃப்ளோ கன்ட்ரோல்

கேபிள் சரி, லூப்பேக் சரி. வேகத்தையும் கையேட்டில் உள்ளபடி வைத்தாகிவிட்டது. கருவி அனுப்புவது திரையில் அழகாக வருகிறது. ஆனால் நாம் தட்டுவது எதுவும் கருவிக்குப் போகவில்லை. என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆர்எஸ்-232-இல் தரவு போகும் இரண்டு ஒயர்களைத் தவிர அனுமதி கேட்கும் ஒயர்களும் உண்டு. 7-ஆம் பின் ஆர்டிஎஸ், 8-ஆம் பின் சிடிஎஸ். ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன் ஆகியிருந்தால், 8-ஆம் பின்னில் பிளஸ் வோல்டேஜ் வரும்வரை லேப்டாப் ஓர் எழுத்தைக்கூட வெளியே விடாது. உங்கள் கேபிளில் மூன்று ஒயர்கள்தான் இருக்கின்றன என்று வையுங்கள்: 2, 3, 5. அப்போது 8-இல் எதுவும் வரப்போவதில்லை. மென்பொருள் வாய் திறக்காமல் காத்திருக்கும். பிழைச் செய்தியும் காட்டாது. வாங்குவதற்கு அனுமதி தேவையில்லை என்பதால் வரவு மட்டும் ஒழுங்காக நடக்கும். பார்ப்பவர் 3-ஆம் பின் ஒயர் அறுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

மினிகாமில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். எனக்கு அதைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் சீரியல் செட்டப்பில் போய் அதை 'நோ' ஆக்கிச் சேமித்துவிடுங்கள்.

புட்டியில் வேறு கதை. அங்கே இயல்பாக வருவது எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப். இதற்குத் தனி ஒயர் வேண்டாம். 19 என்ற எழுத்துக் குறியீடு வந்தால் நிறுத்து, 17 வந்தால் தொடர் என்று பொருள். வெறும் எழுத்துகள் போகும்வரை பிரச்சினை இல்லை. பைனரி தரவில் தற்செயலாக 19 வந்தால் எல்லாம் உறைந்து நிற்கும். கன்ட்ரோல்-எஸ் தட்டினாலும் போவது அதே 19. உறைந்த திரையைக் கன்ட்ரோல்-க்யூ விடுவிக்கும். தெரியாவிட்டால் 'நன்' வைத்துத் தொடங்குவதே நல்லது.

இதற்கு மறுபக்கமும் உண்டு: கருவியே அனுமதிக்காகக் காத்திருப்பது. நாம் அனுப்பும் கட்டளை போகிறது, அது வேலையும் செய்கிறது, ஆனால் பதில் மட்டும் வருவதில்லை. அப்போது கேபிளில் கருவிப் பக்க முனையில் 7-ஐயும் 8-ஐயும் இணைத்துவிடுங்கள். 1, 4, 6 மூன்றையும் ஒன்றாகச் சேருங்கள். கருவி தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும். இது கணினி வகை ஒயரிங் உள்ள கருவிகளுக்கு. உண்மையான வேகக் கட்டுப்பாடு இதில் இருக்காது, அதனால் பக்கம் பக்கமாக அச்சடிக்கும் பிரிண்டரில் எழுத்துகள் விடுபடலாம். அங்கே முழு ஒயரிங் உள்ள கேபிளையே போடுங்கள்.

5. வேகமும் வடிவமும்

கையேடு இல்லையென்றால் 9600 வேகம், 8என்1 வடிவம் (8 டேட்டா பிட், பாரிட்டி எனும் பிழைச்சோதனை பிட் இல்லை, 1 ஸ்டாப் பிட்) என்பதிலிருந்து தொடங்குங்கள். பல நெட்வொர்க் ஸ்விட்ச் கன்சோல்கள் அதில்தான் பேசும். எழுத்துகள் சரியாக வரவில்லை என்றால் 1200, 2400, 4800, 19200 என்று மாற்றிப் பாருங்கள். முழுக்க முழுக்கக் குப்பையாக வந்தால் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் கேபிள் அல்லது அனுமதிப் பிரச்சினை; வேகத்தை மாற்றிப் பயனில்லை.

கட்டளை அனுப்பியும் கருவி அசையாவிட்டால் என்டரைப் பாருங்கள். பல பழைய கருவிகள் வரி முடிவாகக் கேரேஜ் ரிட்டர்ன் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்ற குறியீடு) மட்டும் எதிர்பார்க்கும். சில அதோடு லைன் ஃபீடும் (அடுத்த வரிக்குப் போ என்ற குறியீடு) கேட்கும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"எடை மெஷினிலிருந்து பாதி எண் சரியாக வருகிறது, பாதி கிறுக்கலாக வருகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டுப்போனால் சந்தேகமே வேண்டாம், கருவி 7இ1-இல் (7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட்) அனுப்புகிறது, நீங்கள் 8என்1-இல் படிக்கிறீர்கள். 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் ஈவன் பாரிட்டியில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1-கள் உள்ள எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது பிட் 1 ஆகும், கெடுவது அவைதான். கேரேஜ் ரிட்டர்னும் அந்தக் கூட்டத்தில் சேரும், அதனால் வரிகளும் தாறுமாறாக நிற்கும். டேட்டா பிட்டை 7, பாரிட்டியை ஈவன் என்று மாற்றினால் போதும்.

பழைய மென்பொருளில் காம்1 முதல் காம்4 வரை மட்டுமே தேர்வு செய்ய முடிகிறது, விண்டோஸ் தந்ததோ காம்11 என்றால்: டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பண்புகளில் போர்ட் செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு. அங்கேயே எண்ணை மாற்றலாம். பயன்பாட்டில் இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். பெரும்பாலும் அது எப்போதோ கழற்றிய அடாப்டரின் எண்தான். எஃப்டிடிஐ என்றால் அதே பக்கத்தில் லேட்டன்சி டைமர் (வந்த தரவை லேப்டாப்புக்குத் தருமுன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லி விநாடி என்று இருக்கும். சின்னச் சின்னக் கேள்வி-பதிலாகப் பேசும் மென்பொருள் 'டைம் அவுட்' என்று புலம்பினால் அதை 1 ஆக்குங்கள்.

லினக்ஸில் 'அனுமதி மறுப்பு' வந்தால் உங்கள் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. உபுண்டு 22.04-இல் சிஎச்340 அடாப்டர் ஒரு கணம் தோன்றி மறைந்தால், பிரெய்லி காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் சேவை அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கும். பிரெய்லி கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருளை ஓட்ட வேண்டும் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. ஓடினாலும் அந்தக் கால மென்பொருள்கள் பல சீரியல் சிப்பின் முகவரியை நேராகத் தொட்டுப் பேசும்; யூஎஸ்பி அடாப்டருக்கு அப்படி ஒரு முகவரியே இல்லை. டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் செட்டிங் கோப்பில் சீரியல்1-க்கு டைரக்ட்சீரியல் என்று கொடுத்து உங்கள் காம் எண்ணைக் காட்டுங்கள். மென்பொருளுக்கு அது பழைய காம்1 ஆகவே தெரியும். ஆனால் 4, 7-ஆம் பின்களை வேகமாக ஆட்டி சிப்களில் நிரல் எழுதும் பழைய ப்ரோகிராமர்களுக்கு இந்த வழி உதவாது. யூஎஸ்பியின் தாமதம் அந்த நேரக்கணக்கைக் கெடுத்துவிடும். அவர்கள் மதர்போர்டிலேயே சீரியல் போர்ட் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தேடிக்கொள்வதுதான் நல்லது.