எந்தப் போனில் டவர் நன்றாகக் கிடைக்கும்? வாங்குவதற்கு முன் ஒப்பிடும் முறை

நன்றாக டவர் எடுக்கும் போன் எது என்று கேட்பவரிடம் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே சிக்னலைக் கையாளும் பாகமான மோடமும் ஆண்டெனாவின் அமைப்பும் வேறுபடுவதால், அந்தப் பதில் பல வேளைகளில் உதவாமல் போகிறது. ஆகவே போன்களை ஒப்பிடுவதற்கு முன்பு, உங்கள் வீட்டுக்கு எந்த அலைவரிசை வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் தொலைவு செல்வதோடு சுவரையும் எளிதாகக் கடக்கும். அதிர்வெண் கூடக்கூட வேகம் கிடைத்தாலும் எட்டும் தொலைவு குறையும். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்குகிறது. இவை பேண்ட் 5, 3, 40 எனப்படும். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, முக்கியமானது. டவருக்குத் தொலைவில் இருப்பவர்கள், தங்கள் சிம்முக்குரிய குறைந்த அதிர்வெண் பேண்ட், வாங்கப்போகும் மாடலின் விவரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம், ஏனெனில் ஒரே பெயரில் விற்கும் மாடல்கூட நாட்டுக்கு நாடு வெவ்வேறு பேண்டுகளுடன் வரக்கூடும். அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14இல் சிம் கார்டு செருகும் இடமே கிடையாது.

அடுத்தது அளப்பது. திரையில் தெரியும் கோடுகளை நம்பி ஒப்பிடக் கூடாது. எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் தயாரிப்பாளர்களே முடிவு செய்கிறார்கள். 2010இல் ஐபோன் 4 வெளிவந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரமே தவறு என்றும், பல வேளைகளில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டுகிறது என்றும் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. எனவே எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் இருக்கும் சிம் நிலையில் சிக்னலின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்ய வேண்டும். 4ஜியில் -85 நல்ல அளவு. -115ஐ நெருங்கினால் பேச்சு அறுபடத் தொடங்கும். பத்து எண் வித்தியாசம் என்பது பத்து மடங்கு வலிமை வித்தியாசம் என்பதால், -90க்கும் -110க்கும் இடையே இருப்பது நூறு மடங்கு.

நண்பர்களிடமோ உறவினர்களிடமோ உள்ள இரண்டு மூன்று போன்களை வாங்கி, ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, உங்கள் வீட்டில் டவர் மிகக் குறைவாகக் கிடைக்கும் இடத்தில், அடுப்படியிலோ மாடிப்படிக்கு அடியிலோ, ஒரே நேரத்தையொட்டிச் சோதிப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. வைஃபையை அணைத்துவிட்டு, 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்து, சில நிமிடங்கள் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்து ஒரு முறையும், பேசும்போது பிடிப்பதுபோல் கையில் பிடித்து ஒரு முறையும் பாருங்கள், ஏனெனில் விரல்கள் ஆண்டெனாவை மறைக்கும்போது சில மாடல்களில் சிக்னல் வெகுவாக இறங்கும். இரண்டு மூன்று எண் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்; அது நீங்கள் நின்ற இடத்தாலேயே வரும். கடைசியாக ஒருவரை அழைத்துப் பேசி, உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று மறுமுனையில் இருப்பவரைக் கேளுங்கள்.

டவருக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது பயன்படுத்தும் எளிமை. அதைக் கடைக்காரரோ நீங்களோ முடிவு செய்ய முடியாது. போனை வைத்துக்கொள்ளப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு வாங்குவதென்றால் அம்மாவையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வரும் அழைப்பை எடுப்பது, மிஸ்டு காலுக்குத் திரும்ப அழைப்பது, ஸ்பீக்கரில் போடுவது, ஒரு குறுஞ்செய்தியைப் படிப்பது என்ற நான்கையும் நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவரையே செய்யச் சொல்லி, எங்கே தயங்குகிறார் என்று பொறுமையாகக் கவனியுங்கள். சாம்சங் போன்களில் பெரிய எழுத்தும் பெரிய ஐகான்களும் தரும் எளிய முறை உண்டு. ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், தேவையான சில செயலிகளை மட்டும் பெரிதாகக் காட்டும் வசதி இருக்கிறது. இவற்றை இயக்கிக் காட்டிய பிறகே ஒப்பிடுவதுதான் நியாயம்.

பேச மட்டும்தான் வேண்டும் என்பவருக்குப் பட்டன் போனே போதும், ஆனால் ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை என்பதால், அந்த சிம் உள்ளவர் பழைய 2ஜி பட்டன் போனை வாங்கினால் அதில் பேச முடியாது; 4ஜியும், 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்டி (VoLTE) வசதியும் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.