பழைய ஆங்கிலச் சொற்கள்: தெரிந்த சொல்தான் காலை வாரும்

பழைய ஆங்கில நூலோடு உட்காரும் புதியவர்கள் ‘ஹித்தர்’, ‘யோர்’ மாதிரி வாயில் நுழையாத சொல்லைக் கண்டதும் அகராதியைப் புரட்டிவிடுகிறார்கள். அங்கே பிழை நேர்வது அபூர்வம். தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போன சொல்லில்தான் நேர்கிறது.

தெரிந்த சொல்லைத் தேடாமல் விடுவது

‘கார்ன் லாஸ்’ என்பதை ‘மக்காச்சோளச் சட்டங்கள்’ என்று தமிழில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. 1815 முதல் 1846 வரை பிரிட்டனில் தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய சட்டங்கள் அவை. அங்கே ‘கார்ன்’ என்றால் பொதுவாகத் தானியம். இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். மக்காச்சோளத்துக்கு ‘இந்தியன் கார்ன்’ என்று பெயர். வெறும் ‘கார்ன்’ என்றாலே மக்காச்சோளம் என்றானது அமெரிக்காவில்.

1815 சட்டம் என்ன சொல்கிறது? உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டருக்கு (அது அன்றைய தானிய அளவு) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமை சந்தைக்கு வரக் கூடாது. தலைப்பில் மக்காச்சோளம், உள்ளே கோதுமை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைப்பதில்லை, ஏனென்றால் தவறான பொருளிலும் வாக்கியம் சரளமாகவே ஓடுகிறது. மெய்ப்புப் பார்ப்பவரும் விட்டுவிடுவார், அடுத்து எழுதுபவர் அதையே எடுத்தாள்வார்.

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இதே பொறி உண்டு. லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் ‘மீட் ஆஃபரிங்’ வருகிறது. அதன் பொருட்கள் மாவு, எண்ணெய், தூபவர்க்கம். இறைச்சி துளியும் கிடையாது. அன்று ‘மீட்’ என்றால் உணவு. பழைய தமிழ் வேதாகமம் ‘போஜனபலி’ என்று சரியாகச் சொல்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:15இல், இன்று ‘தடு’ என்று நாம் படிக்கும் ‘பிரிவென்ட்’ வருமிடத்தில் தமிழில் ‘முந்திக்கொள்வதில்லை’. 23ஆம் சங்கீதத்தில், இன்று ‘விரும்பு’ என்று நாம் படிக்கும் ‘வான்ட்’ வருமிடத்தில் ‘தாழ்ச்சியடையேன்’. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது அருமையான பயிற்சி.

செய்ய வேண்டியது இதுதான். நூல் எழுதப்பட்ட ஆண்டையும் நாட்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கதையையோ வாதத்தையோ தாங்கி நிற்கும் சொற்களை, எளியவையானாலும், அடிக்கோடிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டுடன் மேற்கோள்கள் இருக்கும். உங்கள் நூலின் காலத்துக்கு ஐம்பது ஆண்டு முன்பின்னாக எந்தப் பொருளுக்கு மேற்கோள் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பொருளை வாக்கியத்தில் வைத்து, முன்பின் பத்தியோடு ஒட்டுகிறதா என்று படியுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் பொருளை அள்ளிக்கொள்வது

மாணவர் அகராதிகளில் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி கால வரிசையில் போவதால், அங்கே முதலில் இருப்பது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செத்துப்போன பொருளாக இருக்கலாம். † என்ற குறி இருந்தால் அது வழக்கொழிந்தது.

சொல்லின் ஆதிப்பொருளே ‘உண்மையான’ பொருள் என்று வாதாடுவது

‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாத’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘மூடத்தனமான’ என்று பொருள். அதற்காக 18ஆம் நூற்றாண்டு நூலில் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று வந்தால் மூடத்தனத்தைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். அங்கே அது ‘நுணுக்கமான வேறுபாடு’.

ஷேக்ஸ்பியரை ‘ஓல்ட் இங்கிலீஷ்’ என்பது

இல்லை. ‘ஓல்ட் இங்கிலீஷ்’ ஏறத்தாழ 1150-க்குள் முடிந்துவிட்டது.

முதல் மேற்கோளின் ஆண்டைச் சொல்லின் பிறந்தநாளாக எழுதுவது

அது இதுவரை கிடைத்த பழைய சான்று மட்டுமே.

ஜான்சனில் சொல் இல்லை என்று மூடிவைப்பது

சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் ஐ, ஜே இரண்டும் ஒரே எழுத்தாக அடுக்கப்பட்டுள்ளன. யூ, வி இரண்டும் அப்படியே. ‘ஜெலஸ்’ வேண்டுமென்றால் ‘ஐடில்’ தாண்டி, ‘இக்னோரன்ட்’ வருவதற்குள் தேடுங்கள்.

அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் எஸ் நீண்டு, எஃப் போலவே தெரியும். எஸ்ஸின் நடுக்கோடு வலப்பக்கம் நீளாது, அதுதான் அடையாளம். ஸ்கேன் பிரதிகளில் கணினியும் இதை எஃப் என்றே படித்துவிடுவதுண்டு. தேடல் பெட்டியில் சொல் சிக்காவிட்டால், எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு இன்னொருமுறை தேடுங்கள்.